முதலில் கிளம்புவது பேரிக்காய்

மும்பையின் மாட்டுங்கா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு முழம் மல்லி வாங்கினால், கையில் வாங்கும்போது வாசனை அவ்வளவாக இருக்காது. மொட்டு இறுகி, லேசான பச்சை வாடையோடு இருக்கும். நான் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதைப் பார்த்துப் பூக்கார அக்கா ஒருநாள் சொன்னார்: "இப்ப என்னத்தத் தேடுறீங்க? ராத்திரி பாருங்க, வீடே மணக்கும்." ஒன்பது மணிக்கு மேல் மொட்டு விரியும்போது அவர் சொன்னதுதான் நடக்கும். செடியிலிருந்து பறித்த பிறகும் அந்த மொட்டு உயிரோடு இருக்கிறது, வாசனையை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள் இதை நம்பித்தான் பகலில் மொட்டாகப் பறித்து, ராத்திரி அது விரியும் நேரம் பார்த்துத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள்.

பெர்ஃப்யூம் பாட்டிலில் இருக்கும் மல்லி இதற்கு நேர் எதிர். அதில் புதிதாக எதுவும் உண்டாகப் போவதில்லை. தோலில் பட்ட நொடியிலிருந்து அது குறைந்துகொண்டேதான் போகும். அந்தக் குறைவை அழகாக நடக்கும்படி அமைப்பதில்தான் பெர்ஃப்யூம் செய்கிறவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

விளம்பரங்களில் ஒரு முக்கோணம் வரைந்திருப்பார்கள். மேலே பேரிக்காய், பீச், ஆரஞ்சு. நடுவில் மல்லி, ரோஜா. அடியில் கஸ்தூரி, வனிலா, மரம். இதைப் பார்த்தால் ஒன்று போனபிறகு இன்னொன்று வருவதுபோலத் தோன்றும். உண்மையில் எல்லாமே முதல் நொடியிலேயே தோலில் இருக்கின்றன. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் எழுதிவிட்டு உடனே கிளம்புகிறவர்கள் உண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மறுநாள் காலை காபி வரை இருக்கும் சொந்தக்காரர்களும் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு மூலையில் இரண்டு பெரியவர்கள் பேசுவது காதில் விழும். அவர்கள் காலையிலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை. கஸ்தூரியும் வனிலாவும் அந்தப் பெரியவர்கள் மாதிரி.

சரி, யார் முதலில் போவது என்பதை எது தீர்மானிக்கிறது?

பாட்டிலில் பெரும்பகுதி ஆல்கஹால். ஓ த பர்ஃபம் என்று எழுதியிருந்தால் வாசனைப் பொருள் சுமார் 15 முதல் 20 சதவீதம் இருக்கும், ஓ த துவாலெட்டில் அதைவிடக் கம்மி. ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது. தோலின் சூட்டிலேயே ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் பறந்துவிடும். அந்த நேரம் மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், வாசனையைச் சுமந்து வந்த வண்டி அது. வண்டி போனபிறகு எண்ணெய்ப்பசை மாதிரி ஒரு மெல்லிய படலம் தோலில் நிற்கிறது. அதிலிருக்கும் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக ஆவியாகின்றன. ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது தெறிக்கும் லிமோனீனின் மூலக்கூறு எடை 136, பல சென்ட்களின் அடியில் இருக்கும் கேலக்ஸோலைடு என்ற கஸ்தூரி வாசனைப் பொருளுக்கு 258. முன்னது நிமிடக் கணக்கில் போகும், பின்னது மணிக்கணக்கில் நிற்கும்.

எடையை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். லினலூல் என்று ஒரு பொருள் உண்டு. மல்லியில் இருக்கிறது, நம் சமையலறைத் தனியாவின் வாசனையில் பெரும்பங்கு அதுதான். அதன் எடை 154. வனிலாவின் உயிரான வனிலினுக்கு 152. எடை கிட்டத்தட்ட ஒன்றே என்றாலும் லினலூல் சீக்கிரம் கிளம்பிவிடும், வனிலின் ராத்திரி வரை நகராது. வனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன என்பதுதான் காரணம். இப்படி ஒவ்வொரு வாசனைப் பொருளும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று 1950களில் வில்லியம் பௌச்சர் என்ற ஆங்கிலேய நிபுணர் உட்கார்ந்து பார்த்து, 1 முதல் 100 வரை எண் கொடுத்தார். அவர் பட்டியலில் 100 வாங்கியவற்றில் பச்சௌலி என்ற இலையின் எண்ணெயும் ஒன்று. அந்தப் பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. வெட்டிவேரும் அப்படித்தான், பெயர் பெரிதாக மாறாமலே பாரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று, படலத்தில் யாரும் தனியாக இல்லை. கனமான பொருள்கள் கூட இருந்தால் லேசானவையும் கொஞ்சம் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால்தான் வெறும் ஆரஞ்சு எண்ணெயைத் தடவினால் நிற்பதைவிட, நல்ல சென்ட்டுக்குள் அதே ஆரஞ்சு சற்று நேரம் கூடுதலாக நிற்கிறது.

இனி பழம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைத் தோலைப் பிழிந்தே எண்ணெய் எடுத்துவிடலாம். பேரிக்காய், பீச், ஆப்பிள், லிச்சி இவற்றிலிருந்து சென்ட்டுக்கு உதவும்படி அப்படி எண்ணெய் எடுப்பது சுலபமில்லை. பாட்டிலில் பேரிக்காய் மணத்தால் பெரும்பாலும் அது பழத்திலிருந்து வந்தது அல்ல, வேதியியல் தெரிந்தவர்கள் கட்டியெழுப்பியது. பேரிக்காயின் அந்த நீர்விட்ட, பளிச்சென்ற முதல் வாசனை ஹெக்ஸில் அசிடேட் போன்ற, எஸ்டர் என்ற வகைப் பொருள்களிலிருந்து வருகிறது. எஸ்டர்கள் லேசானவை, ஓட்டக்காரர்கள். ஜூலையில் ஒரு மழை ஞாயிறு, வீட்டில் உட்கார்ந்து பழமும் பூவும் கலந்த ஒரு சென்ட்டை முழங்கை மடிப்பில் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு நேரம் குறித்துப் பார்த்தேன். காலை 8.10க்கு அடித்தது. 8.12க்குப் பேரிக்காய் கடித்த மாதிரி இருந்தது, நாக்கில் நீர் ஊறும் அளவுக்கு. 8.30க்கு அது தோலுரித்து வைத்த பேரிக்காய், சாறு வற்றிவிட்டது. அத்தைக்குக் காபி கலந்து கொடுத்துவிட்டு 9 மணிக்கு வந்து முகர்ந்தால் பேரிக்காய் போயே போய்விட்டது. ஆனால் பழம் போகவில்லை! இனிப்பாக, பால் கலந்த மாதிரி, பஞ்சுபோல ஏதோ ஒன்று பூவுக்குள் பதுங்கி உட்கார்ந்திருந்தது.

அது பீச். பழம் என்றாலே மேல் மணம், பத்து நிமிடத்தில் ஓடிவிடும் என்று சொல்வது பாதி உண்மைதான். பீச் வாசனையைத் தருவது லாக்டோன் என்ற வகை. அவை எஸ்டர்களைவிடக் கனமானவை, பிசுபிசுவென்று தோலோடு ஒட்டிக்கொள்பவை. காமா அண்டெக்காலாக்டோன் என்பதை 1908இல் ரஷ்ய வேதியியலாளர்கள் செய்து காட்டினார்கள். 1919இல் பிரெஞ்சு பெர்ஃப்யூம் நிபுணர் ஷாக் கெர்லான் தன் மிட்சுகோ சென்ட்டில் அதைத் துணிந்து போட்டார். பாசியும் மரமும் மணக்கும் இருட்டான ஒரு கலவைக்கு நடுவே கனிந்த பீச். இன்றைய பழ–பூ வகைகளுக்கு மூதாதையர் என்று யாரையாவது சொல்வதானால் நான் அதைத்தான் சொல்வேன்.

பீச்சை அதிகம் சாப்பிட்டுப் பழகாத நமக்கு இதைப் புரிந்துகொள்ள மும்பையில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. மே மாதம் வீட்டுக்கு வரும் ஹாப்பூஸ் (அல்போன்சா மாம்பழம்) பெட்டியைத் திறந்து, வைக்கோலுக்குள் மூக்கை நுழைத்துப் பாருங்கள். மற்ற மாம்பழங்களில் அவ்வளவாக இல்லாத ஒரு வழவழப்பான, தேங்காய்ப்பாலும் வெண்ணெயும் கலந்த இனிப்பு அதில் இருக்கும். பழுக்கும்போது அதில் லாக்டோன்கள் சேர்வதால் வருவது அது. பீச்சின் குடும்பம்தான். மாம்பழம் சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபிறகும் விரலிடுக்கில் வாசனை நிற்கிறதல்லவா, சென்ட்டில் பீச் நிற்பதும் அப்படித்தான்.

பழத்தையும் பூவையும் ஏன் ஒன்றாகக் கலக்கிறார்கள், விற்பனைக்காகவா என்று ஒரு தோழி கேட்டாள். விற்பனையும்தான். ஆனால் அவை இரண்டும் முன்பே ஒரே குடும்பம். முஸாஃபர்பூரிலிருந்து வரும் லிச்சியை உரித்து முகர்ந்தால் ரோஜா தெரியும், ஏனென்றால் ரோஸ் ஆக்ஸைடு என்ற பொருள் ரோஜாவிலும் இருக்கிறது, லிச்சியிலும் இருக்கிறது. மல்லியில் இருக்கும் பென்ஸில் அசிடேட்டைத் தனியே முகர்ந்தால் பழ எசன்ஸ் மாதிரி இருக்கும். மல்லியில் கொஞ்சமாக இருக்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை மிட்டாயின் வாசனை. வயலட் பூவின் அயோனோன் ராஸ்பெர்ரியிலும் உண்டு. ரோஜாவிலிருந்து கண்டெடுத்த டமாஸ்கோன் குடும்பம் பிளம் பழத்தையும் உலர்ந்த திராட்சையையும் நினைவூட்டும். ஆக, பேரிக்காய் கிளம்பும்போது மல்லிக்குள் இருக்கும் பழம் அதைக் கைபிடித்து வழியனுப்புகிறது. எங்கே பழம் முடிந்தது, எங்கே பூ தொடங்கியது என்று கோடு போட முடியாமல் போவது இதனால்தான். 1999இல் காலிஸ் பெக்கர் டியோர் கம்பெனிக்காகச் செய்த ஜாடோர் சென்ட் இந்த ஒட்டுவேலைக்கு நல்ல உதாரணம். பேரிக்காயும் பீச்சும் மல்லிக்குள் கரைவதை அதில் நிதானமாகப் பின்தொடரலாம்.

அப்புறம் பூ. இங்கே கொஞ்சம் நம் ஊரும் வருகிறது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கும். குண்டுமல்லியும் ஜாதிமல்லியும் தமிழ்நாட்டிலிருந்து மாலையாக மட்டும் போகவில்லை. பூவை ஹெக்ஸேன் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒரு பொருளை எடுக்கிறார்கள். அதற்குக் கான்க்ரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவி, மெழுகை நீக்கினால் கிடைப்பது அப்சொல்யூட். ஒரு கிலோ அப்சொல்யூட்டுக்கு அரை டன்னுக்கு மேல் பூ வேண்டும். அதில் ஒரு பங்கு வெளிநாட்டு சென்ட் கம்பெனிகளுக்குப் போகிறது. விலை உயர்ந்த பாட்டிலில் மல்லி என்று எழுதியிருந்தால், அதில் நம் தோட்டத்துச் சொட்டு ஒன்று இருக்க வாய்ப்புண்டு. மீதியை நிரப்புவது ஆய்வகத்தில் செய்த ஹெடியோன் போன்ற பொருள்கள். 1966இல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா டியோருக்குச் செய்த ஓ சவாஜ் ஆண்கள் சென்ட்டில்தான் அது முதலில் பெயர் வாங்கியது. தனியாக முகர்ந்தால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும், ஆனால் கலவைக்குள் போட்டால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி காற்று வரும்.

உண்மையான மல்லியில் இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. கூடினால் பாச்சை உருண்டை வாடை, இன்னும் கூடினால் சொல்லக் கூசும் வாடை. கொஞ்சமாக இருந்தால்தான் மல்லி மல்லியாக இருக்கும். தலையில் வைத்த பூ மறுநாள் காலை பழுப்பேறி, ஒருமாதிரி கனத்து மணக்குமே, அதில் இதன் பங்கு தெரியும். சென்ட்டில் நடுப்பகலுக்கு மேல் மல்லி சற்றே அழுக்கேறினாற்போல் தோன்றினால் பயப்பட வேண்டாம். லேசான பூ வாசனைகள் போய், இண்டோல் முன்னால் வந்திருக்கிறது. நன்றாகச் செய்த சென்ட்டில் இந்தக் கட்டம்தான் எனக்கு ரொம்ப நெருக்கமானது. பளிச்சென்று வெள்ளையாக மட்டும் இருக்கும் மல்லி பூச்சூடிப் பழகிய மூக்குக்குப் பொம்மை மாதிரி இருக்கிறது.

எல்லா சென்ட்டும் இப்படி நாள் முழுக்க உருமாற வேண்டும் என்று கட்டாயமில்லை. 1990இல் சோஃபியா க்ரோஸ்மன் லாங்கோமுக்காகச் செய்த ட்ரெசோரில் கலவையின் பெரும்பகுதி நான்கே பொருள்கள்: ஹெடியோன், ஐசோ ஈ சூப்பர், மெத்தில் அயோனோன், கேலக்ஸோலைடு. நான்குமே சட்டென்று பறக்காதவை. அதன் மேல் பீச்சும் ரோஜாவும். பத்தாவது நிமிடத்தில் கண்ட முகமே மூன்றாவது மணியிலும் இருக்கும். முக்கோணத்தை வைத்து இதைப் படிக்க முடியாது.

அடி மணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்துக் கஸ்தூரி இமயமலைக் கஸ்தூரி மானிலிருந்து வந்தது. இன்று சென்ட்களில் இருப்பவை ஆய்வகத்தில் செய்தவை. பழ–பூ வகையில் பெரும்பாலும் துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணி மாதிரி சுத்தமாக மணக்கும் கஸ்தூரியைப் போடுவார்கள், கூட வனிலாவோ சந்தனமோ சேரும். வேலையெல்லாம் முடிந்து ராத்திரி படுக்கையில் புரளும்போது மணிக்கட்டில் தெரிவது இதுதான்.

தோலுக்குத் தோல் சென்ட் மாறும் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பல மிகைப்படுத்தியவை. தோலின் லேசான அமிலத்தன்மை வாசனையையே வேறாக்கிவிடும் என்பார்கள். சில மணி நேரத்தில் பெரிய வித்தியாசம் செய்வது அதைவிடத் தோலின் எண்ணெய்ப்பசையும் ஈரமும் சூடும்தான். எண்ணெய்ப்பசை உள்ள தோல் வாசனையைக் கரைத்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். வறண்ட தோலில் சீக்கிரம் காலியாகும். வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயோ தடவி, அதன் மேல் அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் (எண்ணெயின் சொந்த வாசனை கொஞ்சம் கலந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). மணிக்கட்டு இரண்டையும் சேர்த்துத் தேய்த்தால் மூலக்கூறு நசுங்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மூலக்கூறு அப்படியெல்லாம் நசுங்காது. தேய்க்கும் சூட்டில் பேரிக்காய் இன்னும் சீக்கிரம் ஓடிவிடும், அவ்வளவுதான் நஷ்டம்.

இந்தச் சூட்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் நடப்பது புரியும். லோயர் பரேலில் ஒரு மாலில், காகிதப் பட்டையில் அடித்துக் கொடுத்து, "எப்படி இருக்கு மேடம், பில் போடலாமா?" என்று அவசரப்படுத்தியதில் ஒரு பாட்டிலை வாங்கிவிட்டேன். விலை பத்தாயிரத்துக்கு மேல். காகிதம் இருந்தது ஏசி அறையின் குளிரில். தோலின் மேற்பரப்போ 32, 33 டிகிரி. காகிதத்தில் பேரிக்காய் அரை மணி நேரம் தாராளமாக நின்றது. என் கையில், ஸ்டேஷன் படியேறுவதற்குள் போய்விட்டது. கையில் மிஞ்சிய வனிலா எனக்குத் திகட்டியது. பாட்டில் மேல் தப்பில்லை, நான் முதல் பத்து நிமிடத்தை மட்டும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். ஒரு கையில் ஒரே சென்ட், ஒரே தடவை. பில் கவுண்டர் பக்கம் போகாமல் நேராக ஸ்டேஷன். தாதரில் மாறி மாட்டுங்கா வந்து, படியேறி வீட்டுக்குள் நுழையும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது தெரிவதுதான் நாளின் பெரும்பகுதி என்னோடு இருக்கப் போவது. மார்ச்சிலும் அக்டோபரிலும் வெக்கையில் எல்லாமே வேகமாக ஓடும், இனிப்பு தூக்கலாகத் தெரியும். அப்போது பாதி அடித்தால் போதும். ஏசி ஆபீசில் அதே சென்ட் நிதானமாக நடக்கும். பட்டுப்புடவை மேல் மட்டும் அடிக்காதீர்கள், ஆல்கஹாலும் சென்ட்டின் நிறமும் கறை விட்டுவிடலாம்.

முகமது அலி ரோடு அத்தர் கடைகளில் ஒரு மாலை செலவழித்தால் இந்த விஷயம் இன்னும் துலங்கும். கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுப்பார்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் ஊர் முறையில் பூவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கிச் செய்வது அத்தர். ஆல்கஹால் இல்லை, அதனால் அந்தப் பளிச்சென்ற முதல் பாய்ச்சலும் இல்லை. ரோஜா சந்தனத்தோடு கைகோத்தபடியே மெதுவாக நகரும். பேரிக்காயின் துள்ளலுக்கு ஆல்கஹால் எவ்வளவு உதவுகிறது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

கடைசியாக மூக்கு. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சென்ட் போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் அடித்துக்கொண்டு லோக்கல் ரயிலில் ஏறுகிறவர்கள் பலருக்கும் நடப்பது இதுதான். போதாததற்குச் சில பொருள்கள் சிலருக்குப் பிறவியிலிருந்தே தெரியாது. வயலட்டின் பீட்டா அயோனோனை முகர முடியுமா என்பது ஒரு மரபணுவைப் பொறுத்தது. கேலக்ஸோலைடு சிலர் மூக்குக்கு எட்டுவதே இல்லை. ஒரே பாட்டிலை இரண்டு பேர் முகர்ந்து, ஒருவர் பூ என்றும் இன்னொருவர் வெறும் இனிப்பு என்றும் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

அந்த ஜூலை ஞாயிறு, ராத்திரி 9 மணிக்கு முழங்கை மடிப்பை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. "முடிந்தது" என்று நோட்டில் எழுதிவிட்டுச் சப்பாத்தி மாவு எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். "காலைல போட்டியே, அது இன்னும் இருக்கேம்மா. பூவெல்லாம் போயிடுத்து. பொட்டியில வெச்ச வேஷ்டி மாதிரி மணக்கிறது." நோட்டை எடுத்து நான் எழுதியதை அடித்துவிட்டு, 9.05, கஸ்தூரி, அத்தை மூக்கு என்று எழுதினேன்.